சூதாட்டத்தில் உணர்ச்சியும் சுயகட்டுப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்தயம் கட்டுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் வரும் தொகைகளை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

என் கோபமும் ஆசையும் ஆட்டத்தின் முடிவை எப்படி மாற்றும்? சக்கரம் என் மனநிலையைப் பார்த்தா சுற்றுகிறது?

சக்கரத்துக்கு உங்கள் மனநிலை தெரியாது. உணர்ச்சி புகுவது வேறு மூன்று இடங்களில்: ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு போடுகிறீர்கள், எவ்வளவு வேகமாகப் போடுகிறீர்கள், எப்போது எழுந்து போகிறீர்கள். இந்த மூன்றும்தான் மாதக் கடைசியில் எவ்வளவு பணம் போயிருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ரூலெட் என்பது, சுழலும் எண் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். அதில் ஒற்றைப் பூஜ்யம் உள்ள வகையில் 37 கட்டங்கள். போடும் பணத்தில் சராசரியாக 37-ல் ஒரு பங்கு, அதாவது 2.7 சதவீதம், ஆட்டம் நடத்துகிறவருக்குப் போகும். நிதானமாக மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 100 என்று போட்டால் மொத்தப் பந்தயம் 4,000. சராசரி நஷ்டம் சுமார் 108. அதே ஆள் எரிச்சலில் செல்போனில் மணிக்கு 120 சுற்று, சுற்றுக்கு 200 என்று தட்டினால் மொத்தம் 24,000. சராசரி நஷ்டம் சுமார் 649. விதி அதேதான், சக்கரமும் அதேதான். எரிச்சலின் விலை ஆறு மடங்கு.

அப்படியானால் கட்டுப்பாடாக விளையாடினால் ஜெயித்துவிடலாமா?

முடியாது. இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘ஒழுக்கமாக ஆடினால் லாபம்’ என்று சொல்லித்தான் பலரை உள்ளே இழுக்கிறார்கள். ரூலெட், ஸ்லாட் மெஷின் (காசு போட்டால் படச்சுருள்கள் சுழலும் இயந்திரம்), லாட்டரி போன்றவற்றில் கணக்கே ஆடுகிறவருக்கு எதிராக அமைந்திருக்கிறது. சுயகட்டுப்பாடு நஷ்டத்தின் அளவைக் குறைக்கும், நஷ்டத்தை லாபமாக்காது. போக்கர் என்ற சீட்டாட்டம் கொஞ்சம் வேறு. அங்கே எதிரில் இருப்பவர் இன்னொரு மனிதர், அவருடைய தவறு உங்களுக்கு வரவு. அதனால் நிதானத்துக்கு அங்கே நேரடியான பண மதிப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசைக்கான கமிஷன் கழிகிறது என்பதால், எதிராளியைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் மட்டும் போதாது.

தோற்றவுடன் ‘விட்டதைப் பிடித்தே ஆக வேண்டும்’ என்ற வெறி ஏன் வருகிறது?

100 கிடைத்த மகிழ்ச்சியைவிட 100 போன வலி பெரிது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் இதை ஒரு கோட்பாடாக வைத்தார்கள். அவர்களுடைய பிற்கால அளவீட்டில் இழப்பின் கனம் வரவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வலி பெரிது என்பதோடு நிற்பதில்லை. நஷ்டத்தில் இருக்கும்போது மனிதர் துணிச்சல்காரராக மாறிவிடுகிறார். சாதாரண நேரத்தில் தொடவே தொடாத பந்தயம், கணக்கை நேராக்கும் வாய்ப்பாகத் தெரிந்தால் மட்டும் இனிக்கத் தொடங்கும்.

2,000 எடுத்துக்கொண்டு வந்தவர் 1,500 தோற்று 500-உடன் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 50, 50 ஆகப் போடுகிறவர். இப்போது அவர் மனம் 50-ஐப் பார்ப்பதில்லை, 1,500-ஐப் பார்க்கிறது. கையில் உள்ள 500-ஐ ரூலெட்டில் சிவப்பு நிறத்தின்மீது வைத்து, ஜெயித்தால் வரும் 1,000-ஐயும் அப்படியே வைத்தால் 2,000 திரும்பிவிடும். இரண்டே சுற்று! மேசையில் அது எளிதாகத் தெரியும். ஒரு சுற்றில் ஜெயிக்கும் வாய்ப்பு 37-க்கு 18. இரண்டும் அடுத்தடுத்து ஜெயிக்கும் வாய்ப்பு 24 சதவீதத்துக்கும் குறைவு. நான்கு தடவை முயன்றால் மூன்று தடவை அந்த 500-ம் போகும். அதற்கு மேல்தான் ஆபத்து: 500 போனபின் பிடிக்க வேண்டிய தொகை 2,000 ஆகிவிடுகிறது, அடுத்த பணம் வெளியிலிருந்து வரவேண்டும்.

இதை உடைக்கிற ஒரு கேள்வி உண்டு. ‘இன்று இதுவரை எதுவுமே ஆடவில்லை, இப்போதுதான் 500-உடன் உள்ளே வருகிறேன் என்றால் இந்தப் பந்தயத்தைக் கட்டுவேனா?’ இல்லை என்றால், கட்டச் சொல்வது பழைய நஷ்டம்தான்.

ஒவ்வொரு தோல்விக்கும் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பிவிடுமே?

காகிதத்தில் திரும்பும். 100-ல் தொடங்குங்கள்: 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு தடவை தோற்றால் போனது 12,700. எட்டாவது பந்தயம் 12,800. அது வென்றாலும் கிடைக்கும் லாபம் வெறும் 100. ஏழு தோல்வி அடுத்தடுத்து வருவது அபூர்வம் என்று தோன்றும். ரூலெட்டில் குறிப்பிட்ட ஏழு சுற்றுகளில் அப்படி நடக்கும் வாய்ப்பு சுமார் 106-க்கு ஒன்று. ஆனால் ஒருவர் ஏழு சுற்றோடு நிறுத்துவதில்லை. 200 சுற்று ஆடினால், நடுவில் எங்காவது ஏழு தோல்வி தொடர்ந்து வர பாதிக்கு மேல் வாய்ப்பு. ஒரு பந்தயத்துக்கு மேசையில் வைத்திருக்கும் உச்சவரம்பு அதற்குள் குறுக்கிட்டுவிடும், அல்லது கைப்பணம் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் 12,800-ஐ எடுத்து வைக்கும் கை நிதானமான கையாக இருக்காது.

ஒரே நிறம் பத்து தடவை வந்துவிட்டது. இனி மாறித்தானே ஆக வேண்டும்?

மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மோன்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்தது. ‘இந்தத் தடவை சிவப்புதான்’ என்று அடுக்கடுக்காகப் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். பந்துக்கு நினைவு கிடையாது. முந்தைய சுற்றுகள் நம் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. ‘இன்று எனக்குக் கைராசி, விடாமல் அடிக்கலாம்’ என்பதும் இதே தவறின் மறுபக்கம்.

நூலிழையில் தவறிப்போகும்போது ஏன் இன்னும் ஆடத் தோன்றுகிறது?

ஸ்லாட் மெஷினில் முதல் சுருள் ஏழில் நிற்கிறது. இரண்டாவதும் ஏழு. மூன்றாவது மெதுவாகச் சுற்றி, ஏழு கோட்டுக்கு வந்து, ஒரு விரற்கடை தாண்டி நின்றுவிடுகிறது. இது முழுத் தோல்வி. ஒரு காசும் வராது. ஆனால் உடம்பு அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. 2009-ல் உளவியல் ஆய்வாளர் லூக் கிளார்க்கின் குழுவினர் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, இப்படி மயிரிழையில் தவறும் தோல்விகள், வெற்றிக்குத் துடிக்கும் அதே மூளைப் பகுதிகளைத் தூண்டின. பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுக்கும் இன்னொரு தடவை ஆடும் ஆசை கூடியது.

பந்தை எறிந்து பழகுகிறவருக்கு ‘கிட்டத்தட்ட விழுந்தது’ என்பது பயனுள்ள செய்தி. கை சரியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சீட்டிழுப்பு முறையில் இயங்கும் மெஷினில் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. மூளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு: வெற்றி வேஷம் போட்ட தோல்வி. ஸ்லாட் மெஷின் திரையில் படங்கள் ஒன்றுசேரக்கூடிய 20 வரிகளில் 1 வீதம் 20 போடுகிறீர்கள், ஒரு வரியில் 8 கிடைக்கிறது. விளக்கு மின்னுகிறது, இசை கேட்கிறது. உண்மையில் 12 போய்விட்டது. வாய்ப்பிருந்தால் ஒலியை நிறுத்திவிட்டு, மீதித்தொகையை மட்டும் பாருங்கள்.

பெரிதாக ஜெயித்த நாளில்தான் பெரிதாகத் தோற்கிறேன். ஏன்?

ஜெயித்த பணத்தை மனம் தனிப் பையில் போட்டுவைக்கிறது. ‘இது அவர்கள் பணம்தானே, போனால் போகட்டும்.’ இந்தப் பையிலிருந்து எடுக்கும்போது கை தாராளமாகிவிடும். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் ஆய்வாளர் எரிக் ஜான்சனும் 1990-ல் இதைச் சோதனைகளில் காட்டினார்கள். பந்தயத்தில் வைப்பதற்கு முன்னாலேயே அது உங்கள் பணம். வெற்றித் தொகையை அன்றைய ஆட்டத்துக்கு எட்டாத இடத்துக்கு உடனே மாற்றிவிடுவது நல்ல வழி. இணையத் தளத்தில் ‘பணத்தை எடுக்கிறேன்’ என்ற கோரிக்கையைப் போட்டுவிட்டு, பணம் வருவதற்குள் அதையே ரத்து செய்து மீண்டும் ஆடுவது பலரும் விழும் குழி. அதற்கு வழியில்லாதபடி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

‘டில்ட்’ என்கிறார்களே, அது என்ன? எனக்கு வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

போக்கர் ஆடுகிறவர்கள் சொல்லும் சொல். தலைக்கேறிய நிலையில், தனக்குத் தெரிந்த ஆட்டத்தையே மறந்து ஆடுவது. அநியாயமாகத் தோற்றதாகத் தோன்றும் ஒரு சுற்றுதான் பெரும்பாலும் தொடக்கம்.

மனம் ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று சாதிக்கும். அதை நம்ப வேண்டாம், உடம்பைப் பாருங்கள். தாடை இறுகியிருக்கும், முகம் சூடாகும், மூச்சு மேலோட்டமாக இருக்கும். முடிவு திரையில் முழுதாக வருவதற்குள் விரல் அடுத்த பந்தயத்தைத் தட்டியிருக்கும். பக்கத்தில் கூப்பிட்டால் ‘ஒரு நிமிஷம்’ என்று கடுகடுப்பாகப் பதில் வரும். பந்தயத் தொகை வழக்கமானதைவிட இரு மடங்கைத் தாண்டியிருக்கும். இவற்றில் இரண்டு இருந்தாலே அன்றைக்குப் போதும். ஐந்து நிமிடம் முகம் கழுவிவிட்டு வந்து தொடர்வது பெரும்பாலும் உதவாது. இரவு தூங்கி எழுந்தால்தான் அது இறங்கும்.

அதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கோபமே இருக்காது. மரத்துப்போன நிலை. தோற்றாலும் ஜெயித்தாலும் ஒன்றுதான், கை மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும், நேரம் போவது தெரியாது. ஸ்லாட் மெஷினில் இதுதான் அதிகம். துக்கத்தையோ தனிமையையோ மறக்க வந்தவர்கள் இங்கேதான் நெடுநேரம் சிக்கிக்கொள்கிறார்கள்.

வரம்பு போடு என்கிறார்கள். சரியாக எப்படிப் போடுவது?

தொகையிலிருந்து தொடங்காதீர்கள், வரவு செலவிலிருந்து தொடங்குங்கள். வாடகை, சாப்பாடு, கடன் தவணை, சேமிப்பு எல்லாம் ஒதுக்கியபின் பொழுதுபோக்குக்கு என்று மிஞ்சுவதில் ஒரு பகுதி. முழுதும் தொலைந்தாலும் அடுத்த வாரம் வீட்டில் எதுவும் மாறக் கூடாது. கடன் இருக்கும்போது அந்தத் தொகை பூஜ்யம்.

மாதத்துக்கு 2,000 என்று வந்தால் நான்கு தடவையாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 500. ஒரு பந்தயம் அந்த 500-ல் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதாவது 10. கூடவே நேர வரம்பு: ஒரு மணி நேரம், அலாரம் வைத்து, அதுவும் கைக்கெட்டாத தூரத்தில் வைத்து, எழுந்து போய்த்தான் நிறுத்த வேண்டும் என்றபடி. எழுந்து நிற்பதே பாதி வேலை.

தோல்வி வரம்புத் தொகையை ரொக்கமாக மட்டும் எடுத்துவருவது நல்லது, கார்டு வீட்டில் இருக்கட்டும். இணையத்தில் என்றால் கணக்கில் பணம் போடும் வரம்பை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். முறையான தளங்கள் பலவற்றில் வரம்பைக் குறைத்தால் உடனே அமலாகும், கூட்டினால் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் உங்கள் பாதுகாப்பு. இந்த வசதி இல்லாத தளத்தில் பணம் போடவே வேண்டாம்.

இந்த எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். ‘இன்று 500. ஒரு மணி நேரம். ஒரு பந்தயம் 10. எது முதலில் முடிந்தாலும் எழுந்துவிடுவேன்.’ மனதில் வைத்த வரம்பு ஆட்டத்தின் நடுவே நீளும்.

எல்லாம் செய்தும் வரம்பை நானே உடைக்கிறேன். எனக்கு மனஉறுதி இல்லையா?

மனஉறுதியை அந்த நேரத்தில் எதிர்பார்ப்பதுதான் தவறு. நிதானமாக இருக்கும்போது, கொதிக்கும்போது நாம் எப்படி நடப்போம் என்பதை நம்மால் சரியாகக் கணிக்க முடிவதில்லை. காலையில் வரம்பு எழுதியவரும் இரவு பதினொன்றுக்கு அதை உடைப்பவரும் ஏறத்தாழ இரண்டு ஆட்கள். எனவே காலை ஆள், இரவு ஆளுக்குக் கதவைப் பூட்டிவிட வேண்டும்.

பூட்டுகள் சில: கார்டு விவரங்களை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்குவது, வங்கியில் சூதாட்டப் பரிவர்த்தனைத் தடை இருந்தால் போட்டுக்கொள்வது, சம்பளம் வந்த அன்றே நிலையான செலவுகள் தானாகக் கழியும்படி அமைப்பது, தடுப்புச் செயலியை நிறுவி அதன் கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுப்பது. எல்லாவற்றிலும் பலமானது தன்விலக்கு: குறிப்பிட்ட காலத்துக்கு என்னை உள்ளே விடாதீர்கள் என்று எழுத்தில் பதிவு செய்வது. ஒரு தளத்தில் மட்டும் செய்துவிட்டு இன்னொன்றைத் திறந்து வைத்திருந்தால் பயனில்லை. கணக்கு உள்ள எல்லா இடத்திலும் ஒரே நாளில் செய்யுங்கள்.

ஆசை பொங்கிவரும் அந்த நேரத்தைக் கடப்பது எப்படி?

அது அலை மாதிரி. ஏறும், உச்சம் தொடும், இறங்கும். ஊட்டாமல் விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். மணியைக் குறித்துக்கொண்டு, ஆசை உடம்பில் எங்கே தெரிகிறது (நெஞ்சா, வயிறா, விரலா) என்று கவனியுங்கள். பத்துக்கு எத்தனை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். 8, 9, 9, 7, 5 என்று எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த அலை அவ்வளவு பயமுறுத்தாது. செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு நடக்கப் போவதும் உதவும்.

‘ஆடக் கூடாது’ என்ற பொதுவான சபதத்தைவிட, ‘சம்பளக் குறுஞ்செய்தி வந்தால், உடனே வாடகையைக் கட்டிவிட்டு அக்காவுக்குப் போன் செய்வேன்’ என்ற மாதிரி இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று கட்டிவைத்த முடிவு நன்றாக வேலை செய்கிறது.

எனக்குப் பிடித்த அணியின்மீது பந்தயம் கட்டலாமா?

வேண்டாம். பாசம் வாய்ப்பைப் பெரிதாகக் காட்டும். இரு பக்கமும் 1.91 என்று விலை இருந்தால் (அதாவது போட்ட 1-க்கு, ஜெயித்தால் 1.91 திரும்பும்), நஷ்டமில்லாமல் இருக்கவே 100-க்கு 52 தடவைக்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நான்கு பந்தயங்களைக் கோத்து ஒரே சீட்டாகக் கட்டினால், நியாயமாக 16 மடங்கு தர வேண்டிய இடத்தில் 13.3 மடங்குதான் தருகிறார்கள். நடத்துகிறவரின் பங்கு 17 சதவீதத்தை நெருங்குகிறது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டும் பந்தயம் இன்னும் மோசம்: ஒவ்வொரு பந்துக்கும் ரத்தம் கொதிக்கும்போது முடிவெடுக்கச் சொல்கிறது.

மது, தூக்கமின்மை, மருந்து?

மதுவும் தூக்கமின்மையும் நிறுத்தும் திறனைத்தான் முதலில் தின்னும். குடித்திருந்தால் ஆட வேண்டாம்.

மருந்து விஷயம் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கும் கால் அமைதியின்மைக்கும் (கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கோளாறு) தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளும், மனநல மருந்தான அரிபிப்ரசோலும் சிலருக்குக் கட்டுக்கடங்காத சூதாட்ட வேட்கையை உண்டாக்கும். முன்பு சீட்டையே தொடாதவர் மருந்து தொடங்கியபின் மாறியிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், அளவை அவர் மாற்றித் தருவார்.

கணக்கு எழுதுவதால் என்ன பயன்?

நினைவு வெற்றியைச் சேர்த்துவைக்கும், தோல்வியைக் கரைத்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு வரி போதும்: தேதி, தொடங்கிய நேரம், கொண்டுபோன தொகை, திரும்பிய தொகை, எழுந்த நேரம், தொடங்கும்போது மனநிலை ஒரே சொல்லில். ‘12, இரவு 10.40, 500, 0, 1.15, சண்டை.’ ஆறு வாரம் எழுதினால் கடைசிச் சொல்லையும் தொகையையும் சேர்த்துப் படியுங்கள். எந்த மனநிலையில் பணம் போகிறது என்று அதுவே காட்டும்; அந்த மனநிலை இருக்கும் நாளில் ஆடுவதில்லை என்று ஒரு விதி போட்டுக்கொள்ளலாம்.

இது நோய் என்ற எல்லையை எப்போது தொடுகிறது?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு போதை அடிமைத்தனங்களோடு சேர்க்கப்பட்டது. ஒன்பது அடையாளங்கள்: அதே கிளர்ச்சிக்கு மேலும் மேலும் பணம் தேவைப்படுவது; குறைக்க முயன்றால் அமைதியின்மை, எரிச்சல்; பலமுறை நிறுத்த முயன்று தோற்பது; எப்போதும் அதே நினைப்பு; மனவேதனை வந்தால் ஆடப் போவது; விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பிவருவது; மறைத்துப் பொய் சொல்வது; உறவு, வேலை, படிப்பு பறிபோகும் நிலை; பண நெருக்கடியிலிருந்து மீள மற்றவர் கையை எதிர்பார்ப்பது. 12 மாதத்துக்குள் இவற்றில் நான்காவது இருந்தால் மருத்துவர் அதைச் சூதாட்டக் கோளாறு என்று கண்டறிகிறார்.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ‘இனி மாறித்தான் ஆகும்’ போன்ற நம்பிக்கைகளையும் தூண்டும் சூழல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பழக்கம் மாற்றுவார்கள். 1957-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ போல, சூதாட்டத்தை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் குழுக்களும் துணை நிற்கும். கடன் சுமையில் சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலும், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்: வீட்டாரிடம், அவசர உதவி எண்ணில், மருத்துவமனையில். கடனுக்கு வழி உண்டு, அதைப் பிறகு பேசலாம்.

மகன் கடனில் மாட்டியிருக்கிறான். நாங்கள் அடைத்துவிடலாமா?

கேட்டவுடன் முழுதாக அடைத்தால் அவருக்குக் கிடைப்பது புதிய தொடக்கம் அல்ல, புதிய பந்தயப் பணம். முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, தவணை எப்போது. வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கத்த வேண்டாம், அவமானம்தான் அடுத்த பொய்க்கும் அடுத்த ஆட்டத்துக்கும் எரிபொருள். தன்விலக்கும் சிகிச்சையும் தொடங்கிய பிறகு உதவுவதானால், பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்தவருக்கே தவணையாகக் கட்டுங்கள். அதில் ஒரு பங்கை அவர் சம்பளத்திலிருந்தே கட்டட்டும். சில வாரங்களில் ‘இன்னொரு கடன் இருந்தது, சொல்லவில்லை’ என்று வருவார். பெரும்பாலும் வருவார். அதற்காக இடிந்துபோகாமல், அதே தாளில் கீழே இன்னொரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.